ஒற்றர் மூவரும் ஓர் எதிரொலியும்: தமிழகக் கட்சிசார் செய்தி ஊடகங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனிடம் செய்தி வந்து சேரும் வழியைப் பற்றியது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளப்பட வேண்டும் என்றும், அவ்வாறு அறியாத மூவரின் சொல்லும் ஒத்திருந்தால் அச்செய்தியை நம்பலாம் என்றும் வரையறுக்கிறார். இவ்விதியின் உயிர், மூவர் என்னும் எண்ணிக்கையைவிட ஒருவரையொருவர் அறியாமை என்னும் நிபந்தனையில்தான் இருக்கிறது. மூவரும் முன்பே கூடிப் பேசிவிட்டு அவைக்கு வந்தால், அரசன் கேட்பது ஒரே சான்றை மும்முறை கேட்பதே ஆகும்.

இன்றைய வாசகர் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி, கைப்பேசி எனப் பல வாயில்கள் வழியே செய்தி பெறுகிறார். வாயில்கள் பலவாயினும் அவற்றின் பின்னிருக்கும் குரல் ஒன்றாகவே இருக்கக்கூடும். அவ்வாறு இருக்கும்போது வாசகர் தாம் பல சான்றுகளைக் கேட்டுத் தெளிந்ததாக எண்ணிக்கொள்கிறார். இந்நிலையையே ஊடக ஆய்வாளர் ‘எதிரொலி அறை’ என்னும் உருவகத்தால் சுட்டுகின்றனர். தமிழகத்தின் கட்சிசார் செய்தி ஊடகங்களை, சிறப்பாகத் தொலைக்காட்சிச் செய்திகளை, இக்கருத்தாக்கத்தின் துணைகொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வூடகங்கள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்களிலும் பார்க்கப்படுபவை. அவற்றின் மொழிநடை நம் மாணவரின் எழுத்திலும் இடம்பெறுவது. எனவே இது தமிழாசிரியர்க்கும் உரிய பொருளாகிறது.

குமிழியும் எதிரொலி அறையும்

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. மனிதர் தாம் நேரில் காணாத உலகைத் தம் மனத்தில் வரைந்துகொண்ட படங்களின் வழியாகவே அறிகின்றனர் என்று வால்டர் லிப்மன் 1922-இல் வெளிவந்த ‘பொதுக்கருத்து’ என்னும் நூலில் விளக்கினார். இணையம் பரவிய காலத்தில் காஸ் சன்ஸ்டைன் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தமக்கு உகந்த செய்தியை மட்டுமே தெரிந்தெடுக்கும் குடிமக்கள் பொதுவெளியை இழப்பர் என எச்சரித்தார். கேத்லீன் ஹால் ஜேமிசனும் ஜோசப் கப்பெல்லாவும் 2008-இல் அமெரிக்கப் பழைமைவாத ஊடகங்களை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு ‘எதிரொலி அறை’ என்றே பெயரிட்டனர்.

இவ்வரிசையில் மெய்யியலாளர் தி நுயென் 2020-இல் முன்வைத்த வேறுபாடு நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. குமிழி வேறு, எதிரொலி அறை வேறு என்கிறார் அவர். குமிழியினுள் இருப்பவர் மாற்றுக் குரலைக் கேட்டதில்லை. கேட்கச் செய்தால் அவர் மனம் மாறக்கூடும். எதிரொலி அறையினுள் இருப்பவரோ மாற்றுக் குரலைக் கேட்கிறார். ஆனால் அக்குரலுக்கு உரியவர் நம்பத்தகாதவர் என்று முன்னரே பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார். அவரிடம் மாற்றுச் செய்தியைக் கொண்டு செல்வது அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்துவதாகவே முடியும்.

இவ்வேறுபாட்டை ஏற்றால் தமிழகச் சூழல் எவ்வகையினது என்னும் வினா எழுகிறது. ஒரே கம்பிவடத் தொடர்பில் எல்லாக் கட்சிகளின் அலைவரிசைகளும் வந்து சேரும் வீட்டில் குமிழி அமைவது அரிது. அங்கே நிகழ்வது இரண்டாவது வகையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

கட்சி இதழிலிருந்து கட்சி அலைவரிசைக்கு

சார்புடைமையே குற்றம் என்று கொள்வது தமிழ் இதழியல் வரலாற்றை மறுப்பதாகும். 1882-இல் தோன்றிய சுதேசமித்திரன் தேசிய உணர்வோடு வளர்ந்தது. 1917-இல் நீதிக்கட்சியின் இதழாகத் ‘திராவிடன்’ வெளிவந்தது. அதே ஆண்டில் திரு.வி.க. ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். பெரியார் 1925-இல் ஈரோட்டில் ‘குடிஅர’சைத் தொடங்கினார். பொதுவுடைமை இயக்கம் 1937-இல் ‘ஜனசக்தி’யையும், பின்னர் 1963-இல் ‘தீக்கதி’ரையும் தந்தது. அண்ணாவின் ‘திராவிட நாடு’ 1942-இல் தோன்றியது. அதே ஆண்டில் கலைஞர் மு. கருணாநிதி துண்டறிக்கை வடிவில் தொடங்கிய ‘முரசொலி’ பின்னாளில் நாளிதழாயிற்று. இவை யாவும் சார்புடைய இதழ்களே. எனினும் தமிழ் உரைநடைக்கும் பொதுமக்களின் வாசிப்புப் பழக்கத்திற்கும் இவை ஆற்றிய தொண்டு பெரிது.

இவ்விதழ்களிடம் இரண்டு பண்புகள் இருந்தன. ஒன்று, தம் சார்பை அவை மறைக்கவில்லை. ‘முரசொலி’யைக் கையில் எடுப்பவர் தாம் எதை வாசிக்கப்போகிறோம் என்பதை அறிந்தே எடுத்தார். மற்றொன்று, அவை பெரும்பாலும் வாதத்தை முன்வைத்தன; வாதம் என்பது மறுக்கப்படக் கூடியது. படிப்பகங்களிலும் தேநீர்க்கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் குறுக்கிட்டு வினவும் மரபு அதனோடு இணைந்தே வளர்ந்தது. தாம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டா, அவரவர் அறிவு ஒப்பினால் ஏற்றுக்கொள்க என்று கூறுவது பெரியாரின் வழக்கமாக இருந்தது. தன் கேட்போரிடம் இவ்வாறு சொல்லும் இயக்கம், குறைந்தது கொள்கையளவிலேனும், எதிரொலி அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தது எனலாம்.

தொலைக்காட்சியின் வருகை இந்நிலையை மாற்றியது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதன் உரிமையாளர் கலாநிதி மாறன், தி.மு.க. தலைவரின் உறவினரும் அக்கட்சியின் முன்னணித் தலைவருமான முரசொலி மாறனின் மகன். அந்நிறுவனம் பல்லாண்டுகள் கட்சித் தலைமையகமான அண்ணா அறிவாலய வளாகத்திலிருந்தே இயங்கியது. 1999-இல் அ.தி.மு.க. தரப்பில் ஜெயா தொலைக்காட்சி தோன்றியது. பாட்டாளி மக்கள் கட்சி சார்ந்து 2006-இல் மக்கள் தொலைக்காட்சியும், 2007-இல் கலைஞர் தொலைக்காட்சியும், தே.மு.தி.க. சார்ந்து 2010-இல் கேப்டன் தொலைக்காட்சியும் வந்தன. ஒரு கட்சி தன்னைக் கட்சியாக நிறுவிக்கொள்ளக் கொடியும் சின்னமும் போல ஓர் அலைவரிசையும் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று.

இங்கு நோக்கத்தக்கது பெயரிடும் முறை. கட்சி இதழ் தன்னைக் கட்சி இதழ் என்றே அழைத்துக்கொண்டது. தொலைக்காட்சியோ திரைப்படம், தொடர், இசை ஆகியவற்றின் நடுவே, ‘செய்திகள்’ என்னும் பொதுப்பெயரில் கட்சியின் குரலை வைத்தது. வாதம் காட்சியாக மாறியது. வாதத்தை மறுக்கலாம், கண்ணால் கண்டதை மறுப்பது எளிதன்று.

ஓர் இரவு, இரு செய்திகள்

இதற்கு 2001-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அதிகாலையில் நிகழ்ந்த கைதைவிடப் பொருத்தமான சான்று காண்பது கடினம். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க. வென்று, ஜெயலலிதா முதலமைச்சரானார். சென்னை மேம்பாலக் கட்டுமான ஊழல் வழக்கொன்றில், 77 வயதான முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி நள்ளிரவு கடந்த வேளையில் தம் இல்லத்தில் கைது செய்யப்பட்டார். அப்போது மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைதாயினர்.

சன் தொலைக்காட்சி அக்கைதின் காட்சிகளை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. முதியவரான தலைவர் ஒருவரைக் காவலர் பிடித்திழுக்கும் காட்சியும் அவருடைய கதறலும் இந்தியா முழுவதும் பரவின. ஜெயா தொலைக்காட்சியோ வேறு காட்சித் துண்டுகளைக் காட்டியது. அவற்றில் காவலரோடு மத்திய அமைச்சர்கள் மல்லுக்கு நிற்பது முன்னிறுத்தப்பட்டது. முன்னதைக் கண்டவர்க்கு அது மனிதாபிமானமற்ற பழிவாங்கல். பின்னதைக் கண்டவர்க்கு அது சட்டக் கடமைக்குக் குறுக்கே நின்ற அதிகாரச் செருக்கு.

இரு தரப்பும் காட்டியவை ஒரே இரவின் படக்காட்சிகளே. வேறுபாடு எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது, எதை மீண்டும் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்னும் தெரிவில் இருந்தது. பொய்யுரைத்தல் என்னும் குற்றச்சாட்டினால் இத்தகைய செய்தியைப் பிடிக்க இயலாது. மெய்யின் ஒரு பகுதியை முழுமையாக வழங்குவதே இதன் உத்தி.

இதனினும் கருதத்தக்கது அதன் பின்விளைவு. அந்நிகழ்வில் உண்மையான வினாக்கள் சில இருந்தன. வழக்கு பதிவான உடனேயே நள்ளிரவில் கைது செய்யவேண்டிய அவசியம் என்ன? வயது முதிர்ந்த ஒருவரைக் கைது செய்யும் முறை எவ்வாறு இருக்க வேண்டும்? மத்திய அரசின் அமைச்சர் மாநிலக் காவலரின் கடமையில் எவ்வளவு தலையிடலாம்? இவ்வினாக்களை எழுப்பியவரைப் பார்த்து, “நீர் எந்தத் தொலைக்காட்சி பார்ப்பவர்?” என்று கேட்பதே விடையாயிற்று. சான்றின் தகுதி சான்று தருபவரின் கட்சி நிறத்தால் அளக்கப்பட்டது. நுயென் குறிப்பிடும் எதிரொலி அறை இதுவே.

வினைமுற்றில் அமரும் சார்பு

செய்தியின் சார்பு எந்நிகழ்வைத் தெரிவு செய்வது என்பதோடு நிற்பதில்லை. தமிழ் மொழியின் அமைப்பு அதற்குத் தனி வாய்ப்புகளை வழங்குகிறது. இதனை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது பெயர். ஒரு தரப்பின் செய்தியில் ‘கலைஞர்’ என்று வருபவர் மறுதரப்பின் செய்தியில் ‘கருணாநிதி’ ஆகிறார். ஒன்றில் ‘புரட்சித்தலைவி அம்மா’ என்று அழைக்கப்படுபவர் மற்றொன்றில் ‘ஜெயலலிதா’ ஆகிறார். பட்டப்பெயர் செய்தியில் இடம்பெறும்போது அது பெயராக மட்டும் இருப்பதில்லை. அதனுள் ஒரு மதிப்பீடு முடிந்து கிடக்கிறது. 2006 முதல் 2011 வரை, தனிப்பெரும்பான்மையின்றித் தோழமைக் கட்சிகளின் ஆதரவோடு ஆண்ட தி.மு.க. அரசை, ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே ஜெயலலிதா தம் அறிக்கைகளில் இடைவிடாது குறிப்பிட்டார். ஜெயா செய்திகளிலும் அத்தொடர் வழக்காயிற்று. அறிக்கையில் அது அரசியல்வாதியின் சொல். செய்தி வாசிப்பாளரின் வாயில் அதுவே அரசின் பெயராகிவிடுகிறது.

இரண்டாவது, கூற்று வினை. ‘கூறினார்’ என்பது பேச்சு நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறது. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால், சுட்டப்பட்டது மெய்யாகவே உள்ளது என்பதையும் செய்தியாளர் ஏற்றுக்கொள்கிறார். ‘குற்றஞ்சாட்டினார்’ என்றால், அது மெய்ப்பிக்கப்படாதது என்னும் ஐயம் உடன்வருகிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் இதுவரை மறைத்து வைத்திருந்தார் என்றாகிறது. ஒரே அறிக்கையை, “ஆற்று மணல் கொள்ளைபோவதை அவர் சுட்டிக்காட்டினார்” என்றும், “ஆற்று மணல் கொள்ளைபோவதாக அவர் குற்றஞ்சாட்டினார்” என்றும் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். இவ்விரு தொடர்களும் விளக்கத்திற்காக இங்கு அமைக்கப்பட்டவை. முதல் தொடரில் ‘போவதை’ என்னும் இரண்டாம் வேற்றுமை கொள்ளையை நடந்தேறிய நிகழ்வாக்குகிறது. இரண்டாவதில் ‘போவதாக’ என்னும் ஈறு அதனைக் கூற்றின் அளவிலேயே நிறுத்துகிறது. ஓர் உருபின் மாற்றம் செய்தியின் மெய்ம்மை நிலையையே மாற்றுகிறது.

மூன்றாவது, வினைமுதல் மறைவு. “காவல்துறையினர் தடியடி நடத்தினர்” என்பதில் செய்தவர் யார் என்பது தெளிவு. “தடியடி நடத்தப்பட்டது” என்பதில் செய்தவர் மறைகிறார். “இலேசான தடியடி நடத்தி நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது” என்பதில் செய்தவர் மறைவதோடு செயலும் நற்செயலாகிவிடுகிறது. ஆட்சி மாறும்போது இவ்வாய்பாடுகள் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுவதைக் காணலாம். 2008-ஆம் ஆண்டையொட்டித் தி.மு.க. ஆட்சியில் மின்வெட்டு கடுமையாயிற்று. 2011-இல் ஆட்சி மாறிய பின்னும் 2012-இல் அது தொடர்ந்து கடுமையாக இருந்தது. இருளில் இருந்த மக்கள் அதே மக்கள்தாம். ஆயினும் அவர்களின் துன்பம் தலைப்புச் செய்தியாவதும் கடைசி வரியாவதும், கோட்டையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

யாருடைய எதிரொலி?

கட்சிசார் ஊடகம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அவ்வூடகம் கட்சியின் கொள்கையைச் சார்ந்ததா, கட்சியின் தலைமையைச் சார்ந்ததா, அன்றி உரிமையாளரைச் சார்ந்ததா என்று வினவ வேண்டும். இதற்கு இரு நிகழ்வுகள் விடை தருகின்றன.

சன் குழுமத்தின் கைக்கு வந்திருந்த தினகரன் நாளிதழ், 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்பது குறித்த கருத்துக்கணிப்பை வெளியிட்டது. மே 9-ஆம் நாள் அவ்விதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, ஊழியர் மூவர் உயிரிழந்தனர். தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கம்பிவடத் தொழிலில் சன் குழுமத்திற்கு இருந்த பிடியை எதிர்கொள்ள அரசு கேபிள் நிறுவனமும் அவ்வாண்டிலேயே உருவாக்கப்பட்டது. 2008 டிசம்பரில் குடும்பத்தினர் மீண்டும் இணங்கினர். அரசு கேபிள் தொய்வுற்றது. 2011-இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அதற்குப் புத்துயிர் தந்தது. இவ்வளவிலும் கட்சியின் கொள்கையில் மாற்றம் ஏதும் நிகழவில்லை. மாறியது உறவு, உறவோடு செய்தியின் தொனியும் மாறியது.

இரண்டாவது நிகழ்வு அ.தி.மு.க. தரப்பினது. 2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தபின் கட்சி பிளவுண்டது. ஜெயா தொலைக்காட்சியும் ‘நமது எம்.ஜி.ஆர்.’ நாளிதழும் சசிகலா குடும்பத்தாரின் பொறுப்பில் இருந்தமையால் அவை டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றன. ஆட்சியிலிருந்த கட்சி தன் குரலைத் தானே இழந்து நின்றது. அதனால் 2018-இல் ‘நமது புரட்சித்தலைவி அம்மா’ என்னும் நாளிதழும் ‘நியூஸ் ஜெ’ என்னும் அலைவரிசையும் புதிதாகத் தொடங்கப்பட்டன. நேற்றுவரை ஒரு தலைமையைப் போற்றிய அதே அரங்கு, அதே இலச்சினை, இன்று அக்கட்சியின் ஆட்சியையே சாடியது.

தொண்டர் தம் இயக்கத்தின் குரல் என்று நம்பிக் கேட்டது உண்மையில் ஒரு சொத்தின் குரல் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் வெளிப்படுத்துகின்றன. எதிரொலி அறையின் சுவர்கள் கொள்கையால் ஆனவை என்று அதனுள் இருப்போர் நம்புகின்றனர். பத்திரப்பதிவு அலுவலகத்திலோ அவை வேறொருவர் பெயரில் இருக்கின்றன.

வாக்காளர் ஏமாந்தனரா?

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, கட்சித் தொலைக்காட்சிகள் தமிழக மக்களை மயக்கி ஆண்டன என்று முடிவு கட்டினால் அது பிழையாகும். தேர்தல் வரலாறு அதனை மறுக்கிறது. 2001-இல் தமிழ்த் தொலைக்காட்சி உலகில் சன் தொலைக்காட்சிக்கு நிகரில்லை; தி.மு.க. அத்தேர்தலில் தோற்றது. 2011-இல் சன், கலைஞர் ஆகிய இரு குழுமங்களும் ஒருங்கே அக்கட்சியின் பக்கம் இருந்தன. 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு அரசால் வழங்கப்பட்டிருந்தன. எனினும் 234 தொகுதிகளில் தி.மு.க. வென்றவை 23 மட்டுமே; எதிர்க்கட்சி என்னும் நிலையையும் அது தே.மு.தி.க.விடம் இழந்தது. பெட்டியைப் பெற்ற மக்கள் அதில் வந்த செய்தியைப் பெற்றுக்கொள்ளவில்லை.

எனவே பார்வையாளரைக் களிமண்ணாகக் கருதும் கோட்பாடு இங்குப் பொருந்தாது. எது யாருடைய தொலைக்காட்சி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரு செய்தியை இருதரப்பிலும் பார்த்து, இடையில் ஏதோ ஓரிடத்தில் உண்மை இருக்கும் என்று தாமே கணக்கிட்டுக் கொள்ளும் திறமும் பலரிடம் இருந்தது. ஊடகச் சார்பு குறித்த ஆய்வுகள் இத்திறத்தைப் போதிய அளவு மதிப்பதில்லை.

அவ்வாறாயின் இழப்பு யாருக்கு? முதல் இழப்பு அறையைக் கட்டியவர்க்கே. தன் புகழைத் தானே ஒலிபரப்பித் தானே கேட்டு மகிழும் ஆட்சிக்கு, மக்களின் மனக்குறை எட்டுவதில்லை. இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாதபோதும் கெடுவான் என்னும் வள்ளுவர் கருத்து, தேர்தல் முடிவு வெளியாகும் காலைப்பொழுதில் ஆளுங்கட்சி அலுவலகங்களில் நிலவும் திகைப்பிற்குப் பொருத்தமான உரையாகும்.

இரண்டாவது இழப்பு பொதுவானது, அதுவே பெரிது. எல்லாச் செய்தியும் கட்சிச் செய்தி என்று கொள்ளும் பழக்கம், பொய்யிலிருந்து காப்பது போலவே மெய்யிலிருந்தும் காத்துவிடுகிறது. உண்மையான ஊழல் வெளிப்பட்டாலும், உண்மையான கொடுமை படம்பிடிக்கப்பட்டாலும், “அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்” என்று அது ஒதுக்கப்படும். பாதிக்கப்பட்டவர் தம் துயரைச் சொல்ல எந்த ஒலிவாங்கியின் முன் நின்றாலும், அவ்வொலிவாங்கியின் நிறம் அவர்மீது படிந்துவிடும். இடையில் எங்கோ உண்மை இருக்கும் என்னும் கணக்கும் எப்போதும் சரியன்று. சில வேளைகளில் ஒரு தரப்பு சொல்வது முழுவதும் உண்மையாகவும் மறுதரப்பு சொல்வது முழுவதும் பொய்யாகவும் இருக்கக்கூடும். அவ்வேளையில் நடுவில் நிற்பவரும் பொய்யின் பக்கம் பாதிவழி வந்தவரே ஆவார்.

மலேசியச் சூழல்

இதனைக் கடலுக்கு அப்பாலுள்ள சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகத் தொடங்கப்பெற்ற தமிழ் முரசும் தத்தம் சமூக நோக்குகளோடு வளர்ந்தவை. பிற்காலத்தில் தமிழ் நேசன், ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தார் உரிமையில் நடைபெற்றது. 2019 பிப்ரவரியில் அது நின்றது. மலாய் மொழியில் உத்துசான் மலாயு 1961-இல் அம்னோவின் பிடிக்குள் வந்தது. அவ்வாண்டில் அதன் பணியாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தம், ஆசிரியத் தன்னுரிமைக்கான போராட்டமாக இந்நாட்டு இதழியல் வரலாற்றில் நினைக்கப்படுகிறது. 1984-ஆம் ஆண்டின் அச்சகம், வெளியீடுகள் சட்டமும் நாளிதழ்களின் குரலை நெறிப்படுத்தும் கருவியாக விளங்கியது.

2007 நவம்பர் 25-இல் இண்ட்ராப் பேரணியில் பல்லாயிரவர் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்டனர். 2008 மார்ச் 8-ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது; சுங்கை சிப்புட் தொகுதியில் சாமிவேலு தோற்றார். நாளிதழும் தொலைக்காட்சியுமே போதும் என்று எண்ணி இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டது பெரும் தவறு என்று அந்நாளைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி பின்னர் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். தமிழகத்தின் 2011-உம் மலேசியாவின் 2008-உம் ஒரே பாடத்தைத் தருகின்றன. தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்சி, கடைசியாகச் செய்தி அறிவதும் அதுவே.

இன்று நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. தொலைக்காட்சியில் இலச்சினை இருந்தது. அது யாருடையது என்று பார்வையாளர் அறிந்திருந்தார். வாட்ஸ்அப் வழி வரும் முப்பது நொடிக் காட்சித்துண்டில் இலச்சினை வெட்டப்பட்டிருக்கும். அதனை அனுப்பியவர் மாமாவாகவோ பழைய ஆசிரியராகவோ இருப்பார். கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகள் உருவாக்கும் செய்தி, உறவினரின் நம்பகத்தன்மையைப் போர்த்திக்கொண்டு வீட்டிற்குள் நுழைகிறது. தமிழக வாக்காளரைக் காத்துவந்த பழைய அறிவு, அதாவது எது யாருடைய குரல் என்னும் அறிவு, இங்குப் பயன்படுவதில்லை. ஈப்போவிலோ கிள்ளானிலோ அத்துண்டைக் காணும் மாணவருக்குச் சென்னையின் கட்சி நிறங்கள் தெரிந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு.

முடிவுரை

தமிழாசிரியர் இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. நடுநிலை ஊடகம் ஒன்றைத் தேடிக் கண்டு மாணவருக்குப் பரிந்துரைப்பதைக் காட்டிலும், சார்பை அடையாளங்காணும் மொழிப்பயிற்சியை அளிப்பது நிலைத்த பயன் தரும். இதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. நாம் கற்பிக்கும் இலக்கணமே கருவியாகும். ஒரே நிகழ்வைப் பற்றிய மூன்று செய்திகளை எடுத்து, எழுவாய் எங்கே மறைந்தது, செயப்பாட்டு வினை ஏன் வந்தது, ‘கூறினார்’ என்னும் இடத்தில் ‘சுட்டிக்காட்டினார்’ எப்படி நுழைந்தது, எவருக்குப் பட்டமும் எவருக்கு வெறும் பெயரும் தரப்பட்டன என்று மாணவரைக் கொண்டே அட்டவணையிடச் செய்யலாம். வேற்றுமையும் வினைமுற்றும் தேர்வுக்காக மட்டும் கற்பவை அல்ல என்பதை அவர்கள் அப்போது உணர்வர். அதன்பின், அம்மூன்று செய்திகளும் ஒருவரையொருவர் அறியாத மூவரிடமிருந்து வந்தவையா, ஒரே வாயிலிருந்து வந்தவையா என்று வினவச் செய்ய வேண்டும்.

பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தான் சிலம்பு காட்டும் பாண்டியன். அவன் பிழை பெரிது. அதற்கு அவன் உயிரே விலையாயிற்று. எனினும் வாயிலில் நின்ற பெண்ணை உள்ளே அழைத்துவரச் சொன்னவனும், கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பைக் கொண்டுவரச் சொன்னவனும் அவனே. தன் அரசவையின் எதிரொலிக்கு மாறான ஓசையொன்றை, அது தன்னையே குற்றவாளியாக்கியபோதும், அவன் கேட்டான். கோவலனுக்கு அது காலங்கடந்த நீதி. நம் மாணவர் ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பும் முன் அச்சிலம்பை உடைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், அதுவே தமிழ் வகுப்பறை இக்காலத்திற்கு ஆற்றும் தொண்டாக அமையும்.